பழங்களின் பெயரும் தொழுகையின் சொல்லும்

“எனக்கு அரபி வராது நன்னி!”

பத்து வயதுப் பேத்தி தன் பாடநூலை மூடி வைத்துவிட்டு இவ்வாறு சொன்னபோது, நான் அஸர் தொழுது முடித்து முஸல்லாவை மடித்துக்கொண்டிருந்தேன். அது 2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக நடந்த நாற்பது நாள் அரபு மொழி வகுப்புக்கு அவள் ஆசையோடுதான் போகத் தொடங்கினாள். முதல் வாரத் தேர்வில் இருபது பழங்களின் பெயர்களைப் பிழையின்றி ஒப்பித்து முழு மதிப்பெண்ணும் பெற்று வந்தாள். ஆப்பிளுக்கு துஃப்பாஹ், ஆரஞ்சுக்கு புர்துகால், வாழைப்பழத்துக்கு மவ்ஸ், திராட்சைக்கு இனப், மாதுளைக்கு ரும்மான் என்று வீடு முழுதும் பாடிக்கொண்டு திரிந்த பிள்ளை அவள்.

இரண்டாம் வாரம் விலங்குகள் வந்தன. மூன்றாம் வாரம் நிறங்கள் வந்தன. அஹ்மர், அக்ளர், அஸ்ஃபர், அஸ்வத், அப்யள் என எல்லாமே ஒரே வாய்பாட்டில் ஓடும் சொற்கள். எது சிவப்பு, எது மஞ்சள், எது பச்சை என்பது குழம்பியது. அந்தக் குழப்பம் பின்னோக்கிச் சென்று பழங்களையும் கலைத்துவிட்டது. மாதுளை மவ்ஸ் ஆயிற்று. வாழைப்பழம் ரும்மான் ஆயிற்று. இருபதும் தெரிந்திருந்த பிள்ளைக்கு இப்போது ஏழுகூட உறுதியாகத் தெரியவில்லை. அதனால்தான் அந்தத் தீர்ப்பு: எனக்கு அரபி வராது.

முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றியவள் நான். “எனக்கு வராது” என்று ஒரு பிள்ளை சொன்னால், முதலில் பாடத்தைப் பார்க்க வேண்டும், பிறகுதான் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்பது வகுப்பறை எனக்குக் கற்பித்த பாடம். எனவே அந்த நூலை வாங்கிப் புரட்டினேன்.

அழகான வண்ணப்படங்கள், நல்ல தாள். ஆனால், ஒவ்வொரு பாடமும் ஒரு பட்டியல். பழங்கள், விலங்குகள், நிறங்கள், உடலுறுப்புகள், வீட்டுப் பொருள்கள், தொழில்கள்! ஒரு பாடத்தில் வந்த சொல் அடுத்த பாடத்தில் மீண்டும் தலைகாட்டுவதில்லை. முப்பது பாடங்களைக் கடந்த பிறகும் ஒரு முழு வாக்கியம் கண்ணில் படவில்லை. அது மட்டுமன்று, அரபுச் சொற்கள் தமிழெழுத்திலேயே அச்சிடப்பட்டிருந்தன. விலங்குகள் பாடத்தில் ‘கல்ப்’ என்றால் நாய். உடலுறுப்புகள் பாடத்தில் ‘கல்ப்’ என்றால் இதயம்.

“ரெண்டுக்கும் ஒரே பேரா நன்னி?” என்று பேத்தி கேட்டாள்.

நாய்க்கு வருவது சாதாரண காஃப். இதயத்துக்கு வருவது அடித்தொண்டையிலிருந்து எழும் வேறொரு காஃப். ‘அதிகம்’ என்பதும் ‘குட்டை’ என்பதும் தமிழெழுத்தில் எழுதினால் கஸீர் என்றே ஆகிவிடும்; அரபியில் அவை வெவ்வேறு எழுத்துகளால் ஆன இரு சொற்கள். நம் முன்னோர் தமிழை அரபெழுத்தில் எழுதி அரபுத்தமிழ் என்றொரு மரபையே வளர்த்தார்கள். தமிழுக்கு வேண்டிய சில எழுத்துகளை அதற்கெனப் புதிதாக ஆக்கிக்கொண்டார்கள். அரபுச் சொல்லின் எழுத்தை மட்டும் அவர்கள் சிதைக்கவில்லை. நாமோ எளிமை என்ற பெயரில் இதயத்தையும் நாயையும் ஒன்றாக்கிப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடுகிறோம்.

இவ்வளவு குறை சொல்லும் எனக்கு அரபி தெரியுமா? அதுதான் என் வெட்கம். அந்தக் கதையையும் சொல்லியாக வேண்டும்.

2017ஆம் ஆண்டு, என் தாயார் படுக்கையில் இருந்த காலம். நாளுக்கு ஒரு ஜுஸ்வு வீதம் ஓதி, மாதந்தோறும் ஒரு கத்தம் முடிக்கும் வழக்கமுடையவர். கண் மங்கிய பிறகும் மனப்பாடமாக இருந்த ஸூராக்களை உதடு அசைய ஓதிக்கொண்டே இருப்பார். ஒருநாள் மஃரிபுக்குப் பின் என்னை அருகில் அழைத்துக் கேட்டார்:

“ஏம்மா, இத்தனை வருசமா அல்ஹம்து ஓதுறேனே, அதுல நான் அல்லாகிட்ட என்ன கேக்குறேன்?”

“நேரான வழியில் நடத்தச் சொல்லிக் கேட்கிறோம் அம்மா” என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அதுல எந்த வார்த்தைம்மா நேரான வழி?” என்றார். 

எனக்குத் தெரியவில்லை. தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்து வந்து ஸூரா முழுவதையும் படித்துக் காட்டினேன். பொறுமையோடு கேட்டுக்கொண்டார். ஆனால், அவர் கேட்டது அதுவன்று. மொழிபெயர்ப்பு வாக்கியத்தின் பொருளைத் தரும். எந்தச் சொல்லில் எந்தப் பொருள் தங்கியிருக்கிறது என்பதைக் காட்டாது. ஐந்து வேளைத் தொழுகையின் ஃபர்ளுகளை மட்டும் எண்ணினாலே நாளுக்குப் பதினேழு ரக்அத்துகள். ஆண்டு முழுதும் தொழுபவர் ஆறாயிரம் முறைக்கு மேல் அந்த ஸூராவை ஓதுகிறார். அதில் இருப்பதோ முப்பதுக்கும் குறைவான சொற்கள். அவற்றுள் ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டத் தெரியாதவளாக, தமிழ் இலக்கணம் கற்பித்த ஆசிரியை ஒருத்தி, பெற்ற தாயின் முன் உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதங்களுக்குப் பின் அவர் வஃபாத்தானார்.

பொருள் அறியாமல் ஓதுவதற்கும் நன்மை உண்டு என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. என் தாயாரின் ஓதலை அல்லாஹ் ஏற்றுக்கொண்டிருப்பான் என்று ஆதரவு வைக்கிறேன். ஆனால், அவர் கேட்ட கேள்வி என்னுடையதாகிவிட்டது. அதனால்தான் பேத்தியின் பாடநூலை என்னால் எளிதாக மூடிவைக்க முடியவில்லை.

சொற்களைப் பொருள்வகையால் தொகுப்பது புதிய வழக்கமன்று. நம் தமிழில் திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் அவ்வாறே அமைந்தவை. தெய்வப் பெயர்கள் ஒரு தொகுதி, மக்கட் பெயர்கள் ஒரு தொகுதி, விலங்கின் பெயர்கள் ஒரு தொகுதி, மரப் பெயர்கள் ஒரு தொகுதி என அடுக்கிச் செல்லும். ஆனால், அந்த நிகண்டுகள் யாருக்காக எழுந்தன? தமிழைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்து, செய்யுள் படிக்கவும் பாடவும் முனைந்தவர்களுக்காக. அவர்களுக்கு யானை தெரியும். யானைக்குரிய வேறு பெயர்கள் மட்டுமே வேண்டியிருந்தன. முன்பே தெரிந்ததை ஒழுங்குபடுத்தப் பட்டியல் உதவும். ஒன்றும் தெரியாதவனுக்கு அதே பட்டியல் சுமையாகிவிடும்.

இது என் ஊகம் மட்டுமன்று. தாமஸ் டிங்கம் என்ற ஆய்வாளர் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரே வகையைச் சேர்ந்த புதுச்சொற்களை ஒன்றாகக் கற்றவர்கள், தொடர்பில்லாத சொற்களைக் கற்றவர்களைவிட அதிகச் சிரமப்பட்டார்கள். 1997இல் ராப் வாரிங் என்பவர் ஜப்பானிய மாணவர்களிடம் செய்த சோதனையிலும் அதே முடிவே கிடைத்தது. காரணம் விளங்கக்கூடியதுதான். ஆப்பிளும் ஆரஞ்சும் மாதுளையும் மனத்தில் ஒரே இடத்தில் இருப்பவை. மூன்று புதிய ஓசைகள் ஒரே நேரத்தில் அந்த ஓரிடத்துக்குப் போட்டியிட்டால் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளும். பெரியது–சிறியது, வலம்–இடம் என எதிர்ச்சொற்களை முதல்நாளே ஒன்றாகக் கற்பிப்பதிலும் இதே இடர் உண்டு. டிங்கம் 1997இல் செய்த மற்றோர் ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஒரு நிகழ்ச்சியோடு இயல்பாகச் சேர்ந்து வரும் சொற்கள், அதாவது தவளை, குளம், நீந்துதல், பச்சை என்பன போன்றவை, ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன.

வங்கத்தின் டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1920களில் இதே கவலையோடு சிந்தித்தார். ஆங்கிலப் பாடநூல்கள் பிள்ளைகளின் தலையில் சொற்களைக் கொட்டுகின்றன. கற்ற சொல் மீண்டும் வருவதில்லை என்பதைக் கண்டார். அதிகம் பயன்படும் சொற்களை முதலில் தருவது, ஏறத்தாழ ஐம்பது பழகிய சொற்களுக்கிடையே ஒரு புதுச்சொல்லை மட்டும் நுழைப்பது, நுழைந்த சொல்லைத் திரும்பத் திரும்ப வரவைப்பது என்ற முறையில் வாசிப்பு நூல்களை ஆக்கினார். பின்னர் 1953இல் ஏறத்தாழ 2,000 அடிப்படை ஆங்கிலச் சொற்களின் பட்டியலையும் வெளியிட்டார்.

அரபிக்கும் அத்தகைய நூல் உண்டா என்று எங்கள் மஹல்லாவின் ஹஜ்ரத்திடம் கேட்டனுப்பினேன். அவர் கொடுத்தனுப்பியது மூன்று பாகங்கள் கொண்ட ‘துரூஸுல் லுகதில் அரபிய்யா’. மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அரபியல்லாத மாணவர்களுக்காக எழுதப்பட்டு, இன்று உலகின் பல நாடுகளில் ‘மதீனா நூல்’ என்ற பெயரால் அறியப்படுவது. அதை ஆக்கியவர் நம் வாணியம்பாடியில் பிறந்த டாக்டர் வி. அப்துர் ரஹீம் அவர்கள். 2023இல் மதீனாவில் காலமான அந்தப் பேரறிஞரின் நூல், நம் மாநிலத்து மகனின் உழைப்பு, என் கைக்கு வந்து சேர அறுபத்தாறு வயதாக வேண்டியிருந்தது!

அதன் முதல் பாடத்தைப் பாருங்கள். ‘இது’ என்ற ஒரு சொல். அதனோடு வீடு, பள்ளிவாசல், கதவு, புத்தகம், எழுதுகோல், சாவி, மேசை, கட்டில், நாற்காலி. அவ்வளவே. இது என்ன, இது வீடா, இல்லை இது பள்ளிவாசல் என்று அந்தச் சில சொற்களே கேள்வியாகவும் விடையாகவும் சுழன்று வரும். அடுத்த பாடத்தில் ‘அது’ வரும். நான்காம் பாடத்தில் ‘இல்’, ‘மேல்’, ‘இருந்து’, ‘நோக்கி’ என்னும் பொருள் தரும் சிறுசொற்கள் வந்துவிடும். மஸ்ஜித், கிதாப், குர்ஸி என்பவை நமக்கு முன்பே அறிமுகமானவை. ஆகவே முதல் நாளிலேயே பிள்ளை ஒரு வாக்கியம் பேசிவிடுகிறது. முந்நூறு பெயர்ச்சொற்களைப் பட்டியலாக அறிந்தவன் வாய் திறக்க முடியாமல் நிற்கையில், பத்துச் சொல் அறிந்தவன் பேசிவிடுகிறான்.

ஆயினும் என் தாயாரின் கேள்விக்கு விடை வேண்டுமானால், தொழுகையில் வரும் சொற்களை முன்னால் வைக்க வேண்டும். திருக்குர்ஆனில் சற்றேறக்குறைய 77,000 சொற்கள் உள்ளன. கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால், அவை 1,600க்கும் மேற்பட்ட வேர்களிலிருந்து கிளைத்தவை. அவற்றிலும் சில நூறு வேர்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. ‘சொல்லுதல்’ என்னும் பொருளுடைய ஒரே வேரின் வடிவங்கள் மட்டும் 1,700 முறைக்கு மேல் வருகின்றன. பேத்தியின் பாடநூலில் முதலில் நின்ற துஃப்பாஹும் புர்துகாலும் மவ்ஸும் குர்ஆனில் ஓரிடத்திலும் இல்லை. சந்தையில் பழம் வாங்கப் போகிறவர்களுக்கு அவை வேண்டும். வளைகுடாவுக்கு வேலைக்குச் செல்பவருக்குக் கட்டாயம் வேண்டும். பத்து வயதில் தொழத் தொடங்கும் பிள்ளைக்கு எது முதலில் வேண்டும்?

இந்தக் கேள்வியோடு நானும் பேத்தியும் தெருவின் ஐந்து பெண்களும் அஸருக்குப் பின் உட்காரத் தொடங்கினோம். ஐவரில் இருவர் எழுபதைக் கடந்தவர்கள். மதரஸாவில் ஓதி முடித்த ஓர் இளம் ஆலிமா எங்களுக்கு ஆசிரியை. வாரத்துக்கு ஐந்து சொற்கள் என்று வைத்துக்கொண்டோம். அவை தொழுகையில் வருபவையாக இருக்க வேண்டும். மறுநாள், மூன்றாம் நாள், மறுவாரம், மறுமாதம் அவற்றையே மீண்டும் கேட்க வேண்டும்.

அப்போதுதான் ஓர் உண்மை எங்களுக்குப் புலப்பட்டது. நம் வீடுகளில் அரபுச் சொற்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. ஒன்றுக்கொன்று உறவு என்பதுதான் நமக்குத் தெரியாது. தொழுகையில் நிற்பது கியாம். ஜமாஅத்துக்கு முன் சொல்வது இகாமத். எல்லாரும் எழுந்து நிற்கும் நாள் கியாமத். அல்ஹம்து ஸூராவில் வரும் முஸ்தகீம் என்பதும் அதே குடும்பம். வளையாமல் நிமிர்ந்து நிற்பது, நேரானது. நான்கும் ‘நிற்றல்’ என்னும் ஒரே வேரின் பிள்ளைகள். “எந்த வார்த்தைம்மா?” என்ற கேள்விக்கு விடை இதுதான்! ஸிராத் என்றால் வழி. முஸ்தகீம் என்றால் நேரானது. என் தாயார் நாளுக்கு எத்தனையோ முறை இகாமத்தைக் காதால் கேட்டவர். கியாமத் நாளை அஞ்சி அழுதவர். அந்த உறவை ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும்.

நம் வீட்டில் மட்டுமன்று, தமிழ்நாட்டின் கடைத்தெருவிலும் கச்சேரியிலும்கூட அந்தச் சொற்கள் உலவுகின்றன. மளிகைக் கடைக் கணக்கில் எஞ்சியிருப்பது பாக்கி. என்றும் எஞ்சி நிற்கும் நற்செயல்கள் என்ற பொருளில் பெயர் பெற்றதுதான் வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி. வயலில் விளைந்து கைக்கு வருவது மகசூல். வரியைக் கைக்கொள்பவர் தாசில்தார். இரண்டுக்கும் வேர் ஒன்றே. நம் வழக்கை ஒப்படைக்கும் இடம் வக்கீல். காரியங்களை அல்லாஹ்விடம் ஒப்படைத்து நம்பியிருப்பது தவக்குல். ‘அல்வகீல்’ என்பது அவனுடைய திருநாமங்களுள் ஒன்று. நீதிமன்றத்துக்கு அலைந்து களைத்த எங்கள் பெண்களுள் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “இந்த வக்கீல் போதும்மா எனக்கு” என்றார். அந்தச் சொல்லை இனி அவர் மறக்க மாட்டார்.

எல்லாம் எளிதாக நடந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். வேரை நம்பி நாங்கள் வழி தவறியதும் உண்டு. ஸுபுஹுத் தொழுகையும் ஸுப்ஹான் என்ற சொல்லும் உறவினர் என்று பேத்தி மகிழ்ச்சியோடு கண்டுபிடித்தாள். ஆலிமா சிரித்துவிட்டு, ஒன்றில் வருவது ஸாத், மற்றொன்றில் வருவது ஸீன். இரண்டும் வேறு குடும்பங்கள் என்று திருத்தினார். தமிழெழுத்தின் வலையில் மீண்டும் விழுந்திருந்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் அரபெழுத்திலேயே எழுதுகிறோம். ஓதக் கற்ற பிள்ளைகளுக்கு எழுத்து தெரியாதா என்ன? மேலும், வினைச்சொற்கள் உருமாறும்போது எங்களுக்குத் திணறல்தான். மதீனா நூலின் இலக்கணம் இல்லாமல் அந்தப் படியை ஏற முடியாது. வீட்டு வேலையின் சுமையால் இருவர் நின்றுவிட்டார்கள். நாற்பது வாரங்களில் எங்கள் கணக்கு இருநூறு சொற்கள். பெரிய செல்வமன்று. ஆனால், தொழுகையில் நிற்கும்போது இருள் சூழ்ந்த அறையில் ஒவ்வொரு விளக்காக ஏற்றி வைத்தாற்போல் இருக்கிறது.

பாடநூல் எழுதும் அறிஞர்களிடமும் மதரஸா நிர்வாகிகளிடமும் பணிவோடு வைக்க விரும்பும் வேண்டுகோள் இதுவே. பழங்களையும் நிறங்களையும் நீக்கிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவற்றைச் சிறிது சிறிதாகப் பிரித்து, வாக்கியத்துக்குள் வைத்துக் கொடுங்கள். ஒருமுறை வந்த சொல் பலமுறை திரும்ப வரட்டும். பிள்ளை அறிந்த சொல்லிலிருந்து அறியாத சொல்லுக்குப் பாலம் போடுங்கள். பட்டியல் வேண்டுமானால், கற்ற சொற்களைத் தொகுத்துப் பார்க்கப் பாடத்தின் இறுதியில் வையுங்கள். தேர்வு மதிப்பெண்ணை மறுநாள் பார்க்காதீர்கள். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள்.

சென்ற மாதம் உறவினர் வீட்டு நிக்காஹ் அழைப்பிதழ் ஒன்று வந்தது. பேத்தி அதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தவள், மணமகனின் முன்னோர் பெயர்கள் வரும் இடத்தில் நின்றாள். அங்கே என் தாயாரின் பெயர் இருந்தது. முன்னால் ‘மர்ஹூமா’ என்று அச்சிட்டிருந்தது.

“நன்னி, இது ரஹ்மத்தோட சொந்தந்தானே? ரஹ்மான், ரஹீம், ரஹ்மத், மர்ஹூமா…” என்று விரல் விட்டு எண்ணினாள். பிறகு என்னைப் பார்த்து, “அப்ப மர்ஹூமான்னா மௌத்தானவங்கன்னு அர்த்தம் இல்லையா? ரஹ்மத் செய்யப்பட்டவங்களா?” என்றாள்.

எத்தனை அழைப்பிதழ்களில் எத்தனை முறை அந்தச் சொல்லைக் கடந்து வந்திருப்பேன்! இறந்தவருக்கு நாம் இடும் அடையாளம் என்றே எண்ணியிருந்தேன். அது ஒரு துஆ என்பதை, தனக்கு அரபி வராது என்று சொன்ன பிள்ளை எனக்குக் கற்றுக் கொடுத்தாள்.

எல்லாம் வல்ல அல்லாஹ், என் தாயாரையும் நம்மை விட்டுச் சென்ற அனைவரையும் அந்தச் சொல்லின் முழுப்பொருளுக்கும் உரியவர்களாக ஆக்கி வைப்பானாக! நாம் அவனிடம் கேட்பது இன்னதென்று அறிந்து கேட்கும் நற்பேற்றை நம் பிள்ளைகளுக்கு வழங்குவானாக! ஆமீன்.